சத்தமில்லாத வண்டிக்கு முன்னால் நடந்தவள்

போன வருடம் ஐப்பசி அடைமழையில், ஒரு மத்தியான நேரத்தில், நானும் என் வீட்டுக்காரரும் ராகலைக்கு ஒரு பழைய எலக்ட்ரிக் கார் பார்க்கப் போனோம். லிந்துலையில் எங்களுக்கு ஒரு சாமான் கடை இருக்கிறது. அரிசி, பருப்பு, கருவாடு, பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் என்று எல்லாம் விற்போம். கார் வைத்துக் கொண்டாடுகிற நிலைமையில் நாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை. அந்தக் கார் என் தம்பிக்காக.

தம்பி கட்டாரில் வேலை செய்கிறான். அவன் விமானம் ஏறியபோது அவன் மகள் தொட்டிலில் கிடந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள். ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. "அப்பா செத்துப் போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவளுடைய அம்மா மட்டும் சிரிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வெளிநாட்டில் உழைத்து வங்கி வழியாகப் பணம் அனுப்புகிறவர்கள் வரிச் சலுகையில் ஒரு எலக்ட்ரிக் வாகனம் இறக்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் ஒரு காலத்தில் சொன்னது. எங்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கார் வந்தால் தம்பி ஊருக்கு வந்துவிடலாம். நுவரெலியாவுக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கி, ஹயர் ஓட்டி, பிள்ளையோடு இருந்து பிழைத்துக்கொள்ளலாம். மனக்கணக்கில் நாங்கள் அந்தக் காரை எத்தனையோ தடவை ஹோர்ட்டன் சமவெளிக்கு ஓட்டிவிட்டோம். ஆனால் தம்பி தாள்களைத் தேடிச் சேர்ப்பதற்குள் சலுகையை நிறுத்திவிட்டார்கள். வரியும் சேர்ந்த பிறகு புதுக் காரின் விலை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்குப் போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அந்த நேரம் பார்த்து அவனுடைய ஒப்பந்தமும் முடிகிற கட்டம். மறுபடி கையெழுத்துப் போடுகிறானா, இல்லையா என்று அந்த மாதத்துக்குள் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். ஒரு கார் கிடைத்தால் வருவான். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம்.

அப்படி நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், ராகலையில் ஒரு மரக்கறி முதலாளி எலக்ட்ரிக் கார் விற்கிறார் என்று தகவல் வந்தது. சலுகை இருந்த காலத்தில் இறக்கியதாம். அதிகம் ஓடாத கார், ஊரில் மற்றவர்கள் கேட்கிற விலையை விடக் குறைவு. எனக்குச் சந்தேகம் வந்தது. "தானம் குடுத்த மாட்டைத்தாங்க பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. காசு குடுக்குற மாட்டைப் பாக்கலாம்" என்றேன். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் பஸ் ஏறினோம்.

முதலாளி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பிளேன்டீ கொடுத்தார், தம்பியைப் பற்றி விசாரித்தார். கார் கடைக்குப் பின்னால், உறை போட்டு நின்றது. உறையில் பாசி பிடித்திருந்தது. அதை இழுத்துப்போட்டபோது உள்ளே வெள்ளை வெளேர் என்று ஒரு சின்னக் கார், ஒரு கீறல் இல்லாமல். சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டு முதலாளி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். காரைப் பற்றி அவ்வளவு பேசியவர், கதவில் கூடக் கை வைக்கவில்லை.

"நீங்களும் வாங்க, ஓட்டிப் பாப்போம்" என்றார் இவர்.

"கடையில ஆள் இல்லீங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. வலப்பனை ரோட்டுலயே ஓட்டிப் பாருங்க. தோட்டத்து ரோட்டுப் பக்கம் மட்டும் போயிறாதீங்க, குண்டும் குழியுமா கெடக்கு."

கார் கிளம்பியதே எனக்குத் தெரியவில்லை. கடைச் சுவர் பின்னால் நகர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இறக்கத்தில் பெட்டரி தானாகக் கொஞ்சம் ஏறியது. இவர் சின்னப் பிள்ளை மாதிரி அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இவருக்கு ஒரு குணம் உண்டு. செய்யாதே என்று யாராவது சொன்னால் அதைச் செய்து பார்க்காமல் தூக்கம் வராது. "தோட்டத்து ரோட்டுல ஓடாத காரை வச்சுக்கிட்டு ஓன் தம்பி என்னா செய்யிறது?" என்று கேட்டு, ஒரு பிரிவில் திருப்பிவிட்டார்.

அந்தப் பிரிவுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு தேத்தண்ணிக் கடை. வாங்குப் பலகையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கார் அந்தப் பக்கம் போனதும் எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். பெரிய மனிதர் காருக்கு எழுந்து நிற்கிற மரியாதை என்று இவர் நினைத்துக் கையைத் தூக்கிக் காட்டினார். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். எங்களைப் பார்த்தபடியே நின்றார்கள்.

"திருப்புங்க, போயிருவோம்" என்றேன். திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், மறு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ரோடு. மேலே பேக்டரிச் சந்தியில் திருப்பலாம் என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பனி இறங்கியது.

எங்கள் பக்கத்துப் பனியைப் பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது வந்தால் கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். பனியில் ரோட்டில் நடக்கும்போது நாங்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம். தேயிலைக் கொழுந்து லொறி என்றால் ஒரு முக்கல், தோட்டத்துத் துரையின் ஜீப் என்றால் ஒரு உறுமல், பஸ் என்றால் தூரத்திலேயே தெரியும். சத்தம் கேட்டதும் கால் தானாகக் கான் பக்கம் ஒதுங்கும். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

லைட்டைப் போட்டதும் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்த மாதிரி ஆகிவிட்டது. அதனால் இவர் அணைத்துவிட்டார். கண்ணாடியில் ஆவி படிந்தது, இரண்டு பக்கமும் இறக்கிவிட்டோம். நடக்கிற வேகத்தில் கார் ஊர்ந்தது. அப்போது முன்னால் முதுகுகள் தெரிந்தன.

கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற பெண்கள். தலையிலிருந்து முதுகு வரை பொலித்தீன் போட்டு, வரிசையாக, ரோட்டின் நடுவில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒதுங்குவார்கள் என்று இவர் பின்னாலேயே ஓட்டினார். யாரும் ஒதுங்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில் போகிறோம், ஒருத்தி கூடத் திரும்பவில்லை. கடைசியில் போன பெண்ணின் கால் செருப்பில் ஒட்டியிருந்த சேறு வரை எனக்குத் தெரிந்தது. அவர்கள் பேசுவது பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி கேட்டது.

"பின்னாடி பாத்துக்கிட்டே வாடி" என்றாள் முன்னால் போன ஒருத்தி.

"நான் பாக்க மாட்டேன்" என்றாள் கடைசியில் போனவள்.

"இன்னிக்கு ஓன் மொறதானே. நேத்து முழுக்க நான்தான் பாத்தேன்."

"வேற என்னா வேலைனாலும் செய்யிறேன். இது மட்டும் ஏலாது. திரும்பினா அந்த வெள்ளக் காரு நிக்கிற மாதிரியே இருக்கு. அக்காவ அடிச்ச அன்னையிலருந்து அப்படித்தான்."

"அந்தக் காரைத்தான் மொதலாளி விக்கப் போறாராமே" என்றது இன்னொரு குரல். "யாரு தலையில கட்டப் போறாரோ."

இவர் காலைப் பிரேக்கில் வைத்தார். கார் நின்றது. நின்றதும் சத்தமில்லை, ஓடியதும் சத்தமில்லை. பேய் என்று ஒன்று இருந்தால் அது நம் பின்னால் வரும் என்றுதான் சின்ன வயதிலிருந்து பயந்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு மனுஷியின் பின்னால், அவளுக்குத் தெரியாமல், அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வந்தது நாங்கள்தான். ஹோர்ன் அடிக்க இவர் கையைக் கொண்டு போனார். நான் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிடத்தில் அடித்திருந்தால் கடைசியில் போனவள் பள்ளத்தில் பாய்ந்திருப்பாள்.

அப்படியே போகட்டும், பனிக்குள் மறையட்டும் என்றுதான் நினைத்தோம். பிரேக்கில் இவர் கால் தளர, கார் சற்றே பின்னால் உருண்டது. டயருக்கு அடியில் ஒரு கல் நொறுங்கியது. அவள் திரும்பினாள்.

அலறுவாள் என்று எதிர்பார்த்தேன். அலறவில்லை. முன்னால் போன பெண்களில் ஒருத்தி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். இவள் மட்டும் மெதுவாக நடந்து வந்து, காரின் மூக்கில் உள்ளங்கையை வைத்தாள். இது நிஜம்தானா என்று பார்த்திருப்பாள் போல.

"சூடே இல்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரமா பின்னாடி வர்றீங்க?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அந்த வளைவிலருந்து" என்றேன். "எங்க கார் இல்லம்மா. வாங்கலாம்னு ஓட்டிப் பாக்க வந்தோம். எங்களுக்கு ஒன்னும் தெரியாது."

அவளுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இவரிடம், "மலையில வேலை விட்டு ஆளுக எல்லாம் வர்ற நேரங்க. பேக்டரிச் சந்தி வரைக்கும் ரோட்டுல ஆளாத்தான் இருக்கும். நான் முன்னால நடக்குறேன், நீங்க பைய வாங்க" என்றாள்.

"ஒனக்கென்னடி பைத்தியமா?" என்றாள் கூட வந்தவள்.

"பின்ன, இன்னொருத்திய அடிக்கவா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் பதிலுக்குக் கூட நிற்காமல் அவள் நடக்கத் தொடங்கினாள்.

எனக்குக் காருக்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கி அவளோடு நடந்தேன். அவள் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தாள். "வண்டி வருது, ஒதுங்கிக்கங்க." பெரிய சத்தம் இல்லை, ஆனால் மலையில் பேர் கூப்பிட்டுப் பழகிய குரல், பனியைத் துளைத்துக்கொண்டு போனது. முன்னால் எங்கோ ஒருத்தர் அதை வாங்கி, "வண்டி வருதாம்" என்று அடுத்தவருக்குச் சொன்னார். அதற்கும் மேலே இன்னொருவர். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்தச் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஆட்கள் கான் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவளைப் பார்த்தார்கள், பிறகு அவளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வருகிற வெள்ளையைப் பார்த்தார்கள்.

ஒரு திருப்பத்தில் அவள் நின்றாள். ரோட்டு ஓரத்தில், பிஸ்கட் டின்னைப் படுக்க வைத்து, அதற்குள் ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். எரியவில்லை. அவள் சொல்லாமலே புரிந்தது.

"அக்காவுக்குக் காது நல்லாக் கேக்கும்ங்க" என்றாள். "எந்த லொறி எந்த வளைவுல வருதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிப்புடும். அதை நம்பித்தான் நாங்க எல்லாம் நடப்போம். அன்னைக்கும் கடைசியா அதுதான் வந்துச்சு."

"முதலாளி ஒன்னும் சொல்லலையா?"

"அவரு நல்ல மனுசந்தாங்க. மெதுவாத்தான் வந்தாரு. செத்த வீட்டுச் செலவெல்லாம் பாத்தாரு. யாரு மேலயும் குத்தமில்லன்னு கேஸ முடிச்சிட்டாங்க. அதுக்கப்பறம் அவரு இந்தப் பக்கம் வர்றதே இல்ல."

அந்த இடத்தில் அவள் குரல் கொடுக்கவில்லை. முன்னால் இருந்தவர்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். தேயிலைச் செடியிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அப்போது ரோட்டுக்குக் கீழே, பள்ளத்துப் பக்கமிருந்து, ஒரு பெண் குரல் தெளிவாக, நிதானமாக வந்தது. "வண்டி வருது."

"கீழ யாரும்மா இருக்கா?" என்று கேட்டேன்.

"கீழ யாரும் இல்லீங்க" என்றாள். "தேயிலதான் இருக்கு." முகத்தில் பயம் இல்லை. பொலித்தீனை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

எதிரொலி என்று இவர் இன்றைக்கும் சொல்கிறார். நான் வாதாடுவதில்லை. எதிரொலி என்றால் யாராவது முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பேக்டரிச் சந்தியில் காரைத் திருப்பினோம். வந்த வழியிலேயே அவள் எங்களைப் பெரிய ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். பனி கலைந்திருந்தது, இனி தேவையில்லை என்று சொன்னேன், கேட்கவில்லை. பணம் கொடுக்க இவர் சட்டைப் பைக்குள் கை விட்டார். நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். போகும்போது, "வாங்குறதுன்னா வாங்கிக்கங்க. நான் வேணாம்னு சொல்லல. என்னாவாச்சும் சத்தம் வச்சு ஓட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடைக்குத் திரும்பியதும் எங்கள் முகத்தைப் பார்த்த முதலாளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். நாக்கு நுனியில் நாலு வார்த்தை வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்து தலையைக் குனிந்தபோது அதில் ஒன்றும் வெளியே வரவில்லை.

"எனக்குத் தேவைப்பட்டது மரக்கறி ஏத்த ஒரு லொறிங்க" என்றார். "மச்சான் வெளிநாட்டுல இருந்தான். சலுகை முடியப் போகுது, இப்ப விட்டா கெடைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. கெடைக்கிறத ஏன் விடணும்னு அவன் பேர்ல எடுத்தேன். மெதுவா ஓடும்போது சத்தம் போடுறதுக்கு அதுல ஒரு சின்னச் சாமான் இருக்காம். இதுல அது வேலை செய்யலன்னு, எல்லாம் நடந்த பிறகுதான் எனக்கே தெரியும்."

வரியைப் பார்த்து வாங்கியிருக்கிறார், ரோட்டைப் பார்த்து வாங்கவில்லை. அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தச் சலுகை எங்களுக்குக் கிடைத்திருந்தால் நாங்களும் அதையே செய்திருப்போம். கிடைக்காமல் போன ஆத்திரத்தில்தானே, விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, எதையும் விசாரிக்காமல் பஸ் ஏறி வந்தோம்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுகிற சாமானைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், கார் நல்ல கார், நீ என்ன சொல்கிறாய் என்றும் கேட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், அவன் சரி என்று சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் எனக்கு ஆசை இருந்தது.

"அடிபட்ட அந்த அக்காவுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டான்.

நான் அதை விசாரிக்கவே இல்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. தெரியாது என்றேன்.

"வேணாங்க்கா" என்றான். "அந்தக் கார்ல ஹயர் ஓட்டி ஏம் புள்ளைக்கு நான் சோறு போட ஏலாது. நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

போட்டுவிட்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்தக் கார் மலை இல்லாத ஊர்ப் பக்கம் யாருக்கோ போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். சலுகை மறுபடி வரும் என்று கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வார்கள். வரட்டும், நல்லதுதான், தம்பி வருவான். ஆனால் ஏதாவது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் ஒரு நடுக்கம் வருகிறது. நமக்குக் குறைத்துக் கொடுத்த விலையின் மிச்சத்தை எங்கோ ஒரு ரோட்டில், நாம் பேர் கூடத் தெரிந்துகொள்ளாத ஒருத்தி கட்டிக்கொண்டிருப்பாள். அப்படிக் கட்டிய ஒருத்தியின் தங்கைதான் அன்றைக்கு, அந்தக் காரையே பின்னால் விட்டுக்கொண்டு, அதில் இன்னொருவர் அடிபடக் கூடாது என்று குரல் கொடுத்தபடி எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள்.